புத்தளக் கரையோரப் பெண்களும் குடும்ப வன்முறையும் – ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்து வரலாற்று நூல்கள் அரசர்தம் போர்களையும் ஆலயத் திருப்பணிகளையும் குளங்களின் அமைப்பையும் விரிவாகக் கூறுகின்றன. வீட்டின் வாசற்படியைக் கடந்து உள்ளே சென்று, அங்கு வாழ்ந்த பெண்கள் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதைக் கூறும் நூல்கள் மிகச் சிலவே. கணவன் மனைவியை அடித்த செய்தி கல்வெட்டில் இடம்பெறுவதில்லை; செப்பேட்டிலும் பொறிக்கப்படுவதில்லை. எனினும், இத்தீவின் மரபுவழி வரலாற்றில் முதன்முதலாக விரிவாகப் பேசப்படும் இல்லறம், கணவனால் துறக்கப்பட்ட ஒரு சுதேசப் பெண்ணின் இல்லறமாக அமைந்துள்ளமை சிந்தனைக்குரியது. அவ்வில்லறம் தொடங்கியதாக மரபு குறிக்கும் தம்பபண்ணி என்னும் துறை புத்தளக் கரையோரத்திலோ அதனை அடுத்தோ இருந்ததெனக் கருதுவோர் பலர். ஆகவே குடும்ப வன்முறையின் வரலாற்றை ஆராய்வதற்கு இக்கரையோரம் பொருத்தமானதொரு களமாகும்.

குவேனியின் இல்லறம்

கி.பி. 5ஆம் நூற்றாண்டளவில் அநுராதபுரத்தில் தொகுக்கப்பட்டதெனக் கொள்ளப்படும் மகாவம்சம், தனது ஏழாம் அத்தியாயத்தில் விசயனின் வருகையைக் கூறுகின்றது. மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருந்த இயக்கர் குலப் பெண்ணாகக் குவேனி அங்கு அறிமுகமாகின்றாள். விசயன் அவளது கழுத்திற் சுருக்கிட்டு, இடக்கையால் கூந்தலைப் பற்றி, வலக்கையில் வாளையோங்கி அவளை அடிமையென விளித்துத் தன் தோழரை விடுவிக்குமாறு அச்சுறுத்துகின்றான். உயிருக்கு அஞ்சிய அவள், அரசையும் தன்னையும் அவனுக்கு அளிப்பதாக வாக்களிக்கின்றாள். இவ்வாறு வாள்முனையில் தொடங்குவது அவர்களின் மணவாழ்வு.

பின்னர் குவேனி தன் இனத்தவரை வெல்லும் வழியை விசயனுக்குக் காட்டிக் கொடுக்கின்றாள். இரு குழந்தைகளையும் பெறுகின்றாள். ஆயினும் முடிசூட்டிக் கொள்வதற்கு அரச குலத்து மனைவி வேண்டுமெனக் கருதிய விசயன் பாண்டி நாட்டிற்குத் தூதனுப்புகின்றான். மதுரை இளவரசி வந்திறங்கியதும், குழந்தைகளை விட்டு நீங்கிச் செல்லுமாறு குவேனிக்குக் கூறுகின்றான். குழந்தைகளுடன் தன் இனத்தவரிடம் மீண்ட அவளை, ஒற்றறிய வந்தவளெனக் கருதி இயக்கன் ஒருவன் ஒரே அடியிற் கொன்றுவிடுகின்றான். அநாதைகளான குழந்தைகளுக்குத் தப்பியோடும் வழியைச் சொன்னவன் அவளுடைய தாய்மாமன் என நூல் கூறுகின்றது. அக்குழந்தைகளின் வழிவந்தோரே புலிந்தர் என்பதும் நூலின் கூற்று. புலிந்தர் என்ற பெயரால் வேடரே குறிக்கப்பட்டனர் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்தாகும்.

இக்கதையை நிகழ்ந்த வரலாறாகக் கொள்வது பொருந்தாது. ஆனால், குடும்பம் பற்றி அக்காலத்தவர் கொண்டிருந்த எண்ணங்களுக்கு இது நல்லதொரு சான்று. மனைவியின் நிலை, அவள் எக்குலத்தவள் என்பதைப் பொறுத்து அமைகின்றது. வந்தேறியவனுக்குத் துணைநின்ற சுதேசப் பெண்ணுக்குக் கணவன் வீட்டிலும் இடமில்லை. தாய்வீட்டிற்கு மீளும் வழியும் அடைபட்டிருக்கின்றது. வன்முறைக்குள்ளான பெண்ணின் துன்பம் இவ்விரு வாயில்களும் ஒருங்கே மூடப்படும்போது முழுமை பெறுகின்றது. இவ்வுண்மை குவேனி கதைக்கு மட்டும் உரியதன்று. பிற்காலச் சட்டங்களையும் வழமைகளையும் மதிப்பிடுவதற்கு இதனையே அளவுகோலாகக் கொள்ளலாம்: ஒரு பெண் கணவனை விட்டு நீங்க நேரிடின், அவள் சென்று தங்குவதற்கு இடமுண்டா?

கரையோர மரபில் பெண் தலைவியர்

புத்தளம், மன்னார் எல்லையை ஒட்டிய குதிரைமலையை அல்லி அரசாணியின் தலைநகராகக் கூறும் வாய்மொழி மரபொன்று உண்டு. ஆண்துணையின்றி ஆட்சி நடத்தியவள் அல்லி. திருமணத்தை மறுத்த அவளை அருச்சுனன் சூழ்ச்சியால் அடைந்தான் என்றும், அவள் துயிலும்போது தாலி கட்டினான் என்றும் தமிழ் நாட்டார் கதை கூறும். பெண்ணின் இசைவின்றி நிகழும் மணத்தை வீரச்செயலாகவும் வேடிக்கையாகவும் பாடிய கதைமரபு இது. ஆயினும் கேட்போர் மனத்தில் நிலைத்து நிற்பவள் தனியாட்சி செய்த அல்லியே என்பதையும் மறுத்தற்கில்லை.

உடப்பு என்னும் தமிழ்க் கடற்றொழிற் கிராமத்தில் திரௌபதை அம்மன் முதன்மைத் தெய்வமாக விளங்குகின்றாள். இராமநாதபுரக் கரையிலிருந்து வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள் இவ்வூர் மக்கள் என்பது அவர்தம் மரபு. ஆண்டுதோறும் நிகழும் தீமிதிப்பு விழா பல ஊர் மக்களையும் ஈர்ப்பதாகும். திரௌபதை கணவனால் சூதிற் பணயமாக வைக்கப்பட்டவள். கூந்தல் பற்றி அவைக்கு இழுத்து வரப்பட்டவள். தன்னைப் பணயமாக வைக்கக் கணவனுக்கு உரிமை உண்டோ என்று அவள் அவையில் வினவினாள். மனைவி கணவனின் உடைமையோ என்ற சட்டப் பிரச்சினையே அவ்வினாவின் உட்பொருள். அவையிலிருந்த மூத்தோர் தக்க விடை கூறாது தடுமாறினர். அநீதி இழைக்கப்பட்ட மனைவியைத் தெய்வமாக்கி, அவள் பெயரால் தீயில் இறங்கும் ஒரு சமுதாயம், தன் வீட்டுப் பெண்களுக்கு இழைக்கப்படும் அநீதியைக் குடும்ப விவகாரம் என ஒதுக்குமாயின், அம்முரண்பாடு ஆராயத்தக்கது. வழிபாட்டில் பெண்ணுக்கு அளிக்கப்படும் உயர்வு, வாழ்வில் அவளுக்குரிய பாதுகாப்பாகத் தானாகவே மாறிவிடுவதில்லை.

சுதேசிகள் யார்?

புத்தளக் கரையோரம் பல இனத்தவர் வந்து கலந்த இடமாகும். 1344ஆம் ஆண்டில் இபன் பதூதா வந்திறங்கிய பத்தாலா என்னும் துறை புத்தளமே எனப் பொதுவாக இனங்காணப்பட்டுள்ளது. அக்காலத்தில் அது ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. முக்குவர், கரையார், சோனகர், மலாயர், போர்த்துக்கேயர் காலம் முதல் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் எனப் பலரும் இக்கரையில் வாழ்ந்து வந்துள்ளனர். ஆபிரிக்க வம்சாவளியினர் புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் வாழ்கின்றனர். அவர்களின் மாஞ்சா இசையைப் பேணி வருவதில் பெண்களுக்குப் பெரும் பங்குண்டு.

இத்தகைய கரையில் ஆதிக்குடி என எவரையும் தனித்துச் சுட்டுவது எளிதன்று. இன்று ஆதிவாசிகளாகத் தம்மை அடையாளங் காட்டும் வேடர் சமுதாயங்கள் ஊவா, கிழக்குப் பகுதிகளிலேயே பெரும்பாலும் உள்ளன. தமிழ் பேசும் கரையோர வேடர் மட்டக்களப்பு, திருகோணமலைக் கரைகளில் வாழ்கின்றனர். மேற்குக் கரையில், வந்தோரின் சட்டங்களுக்கு முன்பிருந்த உள்ளூர் வழமையின் சின்னத்தைத் தேடுவோர் முக்குவரிடமே செல்லவேண்டியுள்ளது. ஆகவே கிழக்கின் வேடரையும் மேற்கின் முக்குவரையும் ஒருங்கே நோக்குவது பயனுடையதாகும்.

வேடர் குடும்பம் பற்றிச் சிறந்த சான்று தருவோர் செலிக்மன் தம்பதியர். அவர்களின் வேடர் பற்றிய நூல் 1911ஆம் ஆண்டில் வெளிவந்தது. மனைவியாரான பிரெண்டா செலிக்மனும் களத்திற்குச் சென்றமையால், பெண்கள் வாழும் பகுதிகளையும் அறிய அவர்களுக்கு வாய்ப்புக் கிட்டியது. குலப்பிரிவு தாய்வழியே கணிக்கப்பட்டமை, மாமன் மகளையோ அத்தை மகளையோ மணக்கும் வழக்கம், ஒருவனுக்கு ஒருத்தி என்ற ஒழுக்கம், பெரும்பாலான விடயங்களில் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக நடத்தப்பட்டமை என்பன அவர்கள் குறித்த செய்திகள். கணவர் தம் மனைவியர் பொருட்டு மிகுந்த பொறாமையுணர்வு கொண்டிருந்தனர் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. வெளியார் சில காலம் தங்கிக் கண்டவற்றைக் கொண்டு, அங்கு வன்முறையே இருந்ததில்லை எனத் துணிதல் தவறாகும். ஆயினும், அடித்தலும் உதைத்தலும் ஆதிக்குடிகளின் பிறவிக்குணம் என்பது போன்ற எண்ணத்திற்கு இச்சான்றுகள் இடந்தருவதாயில்லை.

1983ஆம் ஆண்டில் மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது, வேடர் பலர் வேட்டைக்காட்டை இழந்து புதிய குடியேற்றங்களுக்குச் சென்றனர். காட்டில் உணவு தேடுவதில் பங்காளியாக இருந்த பெண், குடியேற்றத்தில் கணவனின் கூலியை எதிர்பார்த்திருப்பவளாக ஆகின்றாள். தொழில் இழந்த ஆணின் சினமும் மதுவும் அவளை நோக்கியே திரும்புகின்றன. உலகின் பிற ஆதிக்குடிகளிடையேயும் இவ்வுண்மை வெளிப்பட்டுள்ளது. கனடாவில் காணாமற்போன, கொல்லப்பட்ட சுதேசப் பெண்கள் பற்றி ஆராய்ந்த தேசிய விசாரணைக்குழு 2019ஆம் ஆண்டில் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. குடியேற்ற ஆட்சி விளைவித்த நிலஇழப்பையும் குடும்பச் சிதைவையும் வன்முறையின் வேர்களாக அது கண்டது. ஐக்கிய நாடுகள் சபையின் 2007ஆம் ஆண்டுச் சுதேச மக்கள் உரிமைப் பிரகடனமும் தன் 22ஆம் உறுப்புரையில், சுதேசப் பெண்களை எல்லா வகை வன்முறையினின்றும் காத்தலை அரசுகளின் கடனாக வகுத்துள்ளது.

முக்குவர் வழமையும் பெண்ணின் வீடும்

புத்தளப் பகுதி முக்குவர் பற்றிய பழைய செய்திகளைத் தொகுத்தவர்களுள் முதன்மையானவர் சைமன் காசிச்செட்டி. 1807ஆம் ஆண்டில் கற்பிட்டியிற் பிறந்த இவர் 1834ஆம் ஆண்டில் இலங்கை பற்றிய இடவிளக்க அகராதியை வெளியிட்டார். புத்தளத்தில் மணியகாரராகவும் பின்னர் நீதிபதியாகவும் பணியாற்றியமையால் ஊர் வழக்குகளை நேரில் அறிந்தவர். இராசவன்னியர் பதினெண்மர் கூடி வழக்குத் தீர்த்த முத்திரைக்கூடம் என்னும் முக்குவர் அவை புத்தளத்தில் இருந்தமை பற்றிய செய்தி பேணப்பட்டுள்ளது. அவ்வவையில் அமர்ந்தோர் அனைவரும் ஆடவரே என்பது கருதத்தக்கது.

முக்குவர் வழமை பற்றிய விரிவான சட்டத் தொகுப்பு மட்டக்களப்பு வழக்குகளை அடிப்படையாகக் கொண்டது. அதனை 1876ஆம் ஆண்டில் வெளியிட்டவர் கிறிஸ்தோபர் பிரிற்றோ. முதுசம், தேட்டம் எனச் சொத்து இருவகைப்படும். முதுசம் தாய்வழியே இறங்கும். தேட்டத்தைத் தேடியவர் தம் விருப்பப்படி வழங்கலாம். கிழக்கிலே குடி எனப்படும் தாய்வழிக் கூட்டங்கள் இவ்வமைப்பின் அடித்தளமாயின. திருமணத்தின்பின் கணவன் மனைவியின் வீட்டிற்குச் சென்று வாழ்தலும், வீடு மகளுக்கு வழங்கப்படுதலும் அங்கு இன்றும் காணப்படுகின்றன. மணமகன் மணமகள் வீட்டிற் சென்று வாழும் வழக்கம் ஈழத்துக் கரையோர முஸ்லிம்களிடையேயும் பரவலாக இருந்துவந்துள்ளது.

இவ்வமைப்பிற் பெண்ணுக்குக் கிட்டும் பாதுகாப்பு யாது? கணவன் வாழும் வீடு மனைவியின் வீடு. சுற்றிலும் வாழ்வோர் அவளுடைய தாயும் சகோதரியரும். அவளை அடிக்கக் கை ஓங்குபவன் அவளுடைய உறவினர் கண்முன்னே அதனைச் செய்யவேண்டும். பிணக்கு முற்றினால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியவன் அவனே. குவேனிக்கு மூடப்பட்ட தாய்வீட்டின் வாயில் இங்கு திறந்தே உள்ளது. எனினும், தாய்வழி முறை என்பது பெண்ணாட்சி அன்று. முதுசத்தை மேற்பார்வை செய்தோர் பெரும்பாலும் சகோதரரும் தாய்மாமனுமே. கணவனின் அதிகாரம் குறைந்த இடத்தில் தாய்மாமனின் அதிகாரம் ஓங்கியது. மாமன் நல்லவனாக அமையின் பெண்ணுக்கு அரண். அல்லாதவிடத்து அவளுக்கு வேறு புகலிடம் அரிது. உடைமை பெண்ணின் பெயரில் இருத்தல் ஒன்று. அதனை ஆளும் உரிமை அவளிடம் இருத்தல் மற்றொன்று. இவ்விரண்டினையும் பிரித்தறியாது தாய்வழி முறையைப் புகழ்வது ஆராய்ச்சிக்குப் பொருந்தாது.

ஐரோப்பியர் சட்டமும் கணவனின் அதிகாரமும்

ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கற்பிட்டியிற் கோட்டை அமைத்தனர். 1766ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் கண்டி அரசன் கரையோரம் முழுவதையும் அவர்களுக்கு விட்டுக்கொடுத்தான். அவர்கள் கொணர்ந்த உரோம டச்சுச் சட்டம் மனைவியைக் கணவனின் அதிகாரத்திற்குட்பட்டவளாகக் கொண்டது. மணத்தால் இருவர் சொத்தும் பொதுவாயின. அப்பொதுச் சொத்தை நிருவகிக்கும் உரிமை கணவனுக்கே உரியதாயிற்று. போர்த்துக்கேயர் காலந்தொட்டுக் கத்தோலிக்கம் பரவிய சிலாபம், கற்பிட்டிக் கரைகளில் திருமணம் பிரிக்கவொண்ணாத திருவருட்சாதனமாகப் போற்றப்பட்டது. ஒருதார மணத்தை வற்புறுத்தியமையால் பெண்ணுக்கு இதனால் ஓரளவு உறுதி கிட்டியது. கொடிய கணவனிடமிருந்து நீங்குவதற்கு இது தடையாயமைந்ததும் உண்டு.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க மணவுரிமை, மரபுரிமைக் கட்டளைச்சட்டம் ஒரு திருப்புமுனையாகும். அது பொதுச் சொத்து முறையை ஒழித்தது. அதனுடன் முக்குவர் வழமையும் சட்டவலுவை இழந்தது. மனைவியின் அசையாச் சொத்து அவளுடையதே என அச்சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆனால், அவள் உயிருடன் இருக்கையில் அதனைப் பிறருக்குக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலமான இசைவு வேண்டும் எனவும் விதித்தது. பிரிற்றோவின் நூல் வெளிவந்த அதே ஆண்டில் அது விளக்கிய வழமை சட்டத்தால் நீக்கப்பட்டமை வரலாற்றின் முரண் எனலாம். மாமனின் கையிலிருந்த திறவுகோல் கணவனின் கைக்கு மாறிற்று. பெண்ணின் கைக்கு வரவில்லை. 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க மணமான பெண்கள் சொத்துக் கட்டளைச்சட்டமே அத்தடையை அகற்றிற்று. அதன்பின்பும் தேசவழமைக்குட்பட்ட வடபகுதித் தமிழ்ப் பெண்களுக்கு அத்தடை நீங்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

மணவிலக்குச் சட்டத்தைப் பார்க்குமிடத்து வேற்றுமைகள் மேலும் வியப்பூட்டுவன. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச்சட்டம் மணவிலக்கிற்கு மூன்று காரணங்களையே ஏற்கின்றது. பிறர்மனை நயத்தல், தீய நோக்குடன் கைவிட்டுச் செல்லல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறைபாடு என்பன அவை. கொடுமை ஒரு தனிக் காரணமாக அங்கு இடம்பெறவில்லை. அடிதாங்காது வீட்டைவிட்டு ஓடிய பெண், உண்மையிற் கைவிட்டவன் கணவனே என நீதிமன்றில் வாதாடவேண்டும். 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டியச் சட்டமோ இருவரும் இணங்கிப் பிரிவதற்கும், மகிழ்வுடன் சேர்ந்துவாழ இயலாமையைக் காட்டிப் பிரிவதற்கும் இடமளிக்கின்றது.

முஸ்லிம் பெண்களைப் பொறுத்தவரை, 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 28ஆம் பிரிவு கணவன் இழைக்கும் துன்புறுத்தலை மணவிலக்கிற்குரிய காரணமாக வெளிப்படையாகவே ஏற்கின்றது. பொதுச்சட்டம் கூறத் தயங்கியதை இச்சட்டம் கூறியுள்ளமை பலர் அறியாத செய்தியாகும். மஹரையும் கைக்கூலியையும் மீட்கவும் பெண் காதி நீதிமன்றை நாடலாம். ஆயினும், கணவன் காரணங் கூறாது தலாக் சொல்ல இயலும்போது, மனைவி தன் துன்பத்தைச் சாட்சிகொண்டு நிறுவவேண்டியுள்ளது. காதியாக ஆடவரையே நியமிக்கலாம் என்பதும், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட சிறுமியின் மணத்திற்குத் தனி அனுமதி வேண்டாதிருப்பதும் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் குறைகளாகச் சுட்டப்பட்டவை. 2009ஆம் ஆண்டில் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2018ஆம் ஆண்டில் அறிக்கை சமர்ப்பித்தது. சீர்திருத்தத்தை வேண்டி முன்னின்று குரலெழுப்பியோருள் முஸ்லிம் பெண்களே முதன்மையானோர்.

கடலும் வாடியும் அகதி முகாமும்

சட்டம் ஒருபுறமிருக்க, கடற்றொழிற் குடும்பத்தின் பொருளாதார நிலையும் நோக்கற்பாலது. கரைவலைத் தொழிலில் வலைக்கும் தோணிக்கும் உரிய சம்மாட்டி ஒருவர். வலை இழுப்போர் பலர். பிடிபாட்டிற் பெரும்பங்கு சம்மாட்டிக்கு, எஞ்சியதே தொழிலாளருக்கு. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வருவாயில்லை. முற்பணம் வாங்கிய கடன் அடுத்த பருவத்திலும் தொடரும். காற்றுமாறும் பருவங்களில் நீர்கொழும்பு, சிலாபக் கரைகளிலிருந்து கற்பிட்டித் தீபகற்பத்திற்கு இடம்பெயர்ந்து வாடி அமைத்துத் தொழில் புரிவோரும் உளர். கருவாடு காயவைத்தல், மீன் தெரிதல், விற்றல் என்பவற்றிற் பெண்களின் உழைப்பு பெரிது. ஆனால் கணக்கு எழுதப்படுவது ஆணின் பெயரிலேயே.

உறவினரை நீங்கி வாடியில் வாழும் பெண்ணுக்குத் தாய்வீட்டு அரண் இல்லை. ஓலைச் சுவருக்கு அப்பால் அழுகுரல் கேட்கும். எனினும் கேட்டோர் தலையிடார். கடனும் மதுவும் வன்முறைக்குக் காரணம் என்பர். அவை வன்முறையைத் தூண்டலாம். ஆனால், சம்மாட்டியிடம் அவமதிப்புற்றவன் சம்மாட்டியை அடிப்பதில்லை. வீடு திரும்பி மனைவியையே அடிக்கின்றான். யாரை அடித்தால் தண்டனையில்லை என்பதை மதுவுண்டவனும் அறிந்திருக்கின்றான். ஆகவே வன்முறையின் வேர் அதிகார ஏற்றத்தாழ்விலேயே உள்ளது எனல் வேண்டும்.

1990ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தையே வந்தடைந்தனர். கற்பிட்டி, புத்தளம் பகுதிகளின் முகாம்களில் ஓலைக் குடில்களில் அவர்கள் வாழ்வு மீண்டும் தொடங்கிற்று. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சீதனமாகப் பெற்ற வீடும் வளவும் பெண்களின் கையைவிட்டுப் போயின. அவர்களுட் பலர் வெங்காயத் தோட்டங்களிற் கூலிக்குச் சென்றனர். சிலர் மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் சென்றனர். உழைத்துக் குடும்பத்தைக் காத்தமையால் சில பெண்களின் சொல்லுக்கு மதிப்பு உயர்ந்தது. தொழிலும் மதிப்பும் இழந்த ஆடவர் அவ்வுயர்வைப் பொறாத இடங்களில் வீடு போர்க்களமாயிற்று. வேடர் காட்டை இழந்தமையும் இவர்கள் ஊரை இழந்தமையும் வேறுவேறு நிகழ்ச்சிகள். ஆனால், இரண்டிலும் இழப்பின் சுமையை இருமுறை சுமந்தோர் பெண்களே.

அண்மைக்காலச் சட்டங்கள்

இலங்கை 1981ஆம் ஆண்டில் பெண்களுக்கெதிரான எல்லாவகைப் பாரபட்சங்களையும் ஒழிக்கும் சர்வதேச சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தால் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோது, மனைவிமீது கணவன் புரியும் பாலியல் வல்லுறவு, நீதிமன்றால் இருவரும் பிரித்து வைக்கப்பட்ட நிலையில் மட்டுமே குற்றமாக்கப்பட்டது. திரௌபதை எழுப்பிய வினாவிற்குச் சட்டமன்றம் அளித்த விடை அரைகுறையாகவே இருந்தது.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் ஒரு முன்னேற்றமாகும். துன்புறுத்தப்பட்டவரோ அவர் சார்பில் பொலிஸ் அலுவலரோ நீதவான் நீதிமன்றில் விண்ணப்பிக்கலாம். இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையையும், பன்னிரண்டு மாதம்வரை வலுவுடைய பாதுகாப்புக் கட்டளையையும் நீதிமன்றம் வழங்கலாம். துன்புறுத்தியவரை வீட்டினுட் புகாது தடுக்கவும் அதிகாரமுண்டு. அவ்வீடு எவர் பெயரில் உள்ளது என்பது அதற்குத் தடையாகாது. தாய்வழி வழமை உடைமையின் மூலம் அளித்த பாதுகாப்பை இச்சட்டம் நீதிமன்றக் கட்டளையின் மூலம் அளிக்க முயல்கின்றது. உடலுக்கு இழைக்கும் தீங்குடன் உள்ளத்திற்கு இழைக்கும் துன்பத்தையும் அது வன்முறையாகக் கொள்கின்றது. சாதி, இன, மத வேறுபாடின்றி அனைவருக்கும் பொருந்துவது அதன் மற்றொரு சிறப்பு. கட்டளையை மீறுவது தண்டனைக்குரியது. வீட்டு வன்முறை எனத் தனியொரு குற்றத்தை அச்சட்டம் வகுக்கவில்லை.

சட்டம் உள்ள அளவிற்கு அதனை நாடுவோர் இல்லை. பொலிஸ் நிலையத்திற்குச் செல்லும் பெண்ணைச் சமாதானங் கூறித் திருப்பியனுப்புவதும், 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகளில் கணவனுடன் இணக்கிவைப்பதும் வழக்கமாகிவிட்டன. காணித் தகராற்றிற்கு இணக்கம் நன்று. அடித்தவனுக்கும் அடிபட்டவளுக்குமிடையே இணக்கம் என்பது அடிபட்டவள் மீண்டும் அவ்வீட்டிற்குச் செல்லுதல் என்றே பொருள்படும். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வின்படி, துணைவருடன் வாழ்ந்த பெண்களுள் 20.4 சதவீதமானோர் தம் வாழ்நாளில் துணைவரால் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறைக்கு உள்ளானவர்கள். ஐவருள் ஒருவர் என்பது இதன் பொருள். இவ்வன்முறை கடற்கரைக் குடிசைகளுக்கோ ஒரு சமயத்தவருக்கோ ஓர் இனத்தவருக்கோ மட்டும் உரியதெனக் கூறுவோர்க்கு இவ்வெண்ணே விடையாகும்.

முடிவுரை

புத்தளக் கரையோரத்தின் வரலாற்றிலிருந்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, பழைய வழமை யாவும் பெண்ணைக் காத்தன என்பதும், அவை யாவும் பெண்ணை வதைத்தன என்பதும் ஒருசார்பானவை. முக்குவர் வழமை பெண்ணுக்கு வீட்டை அளித்தது, அவையில் இடமளிக்கவில்லை. இரண்டாவது, நவீன சட்டம் எனப்பட்டவை யாவும் பெண்ணுக்கு விடுதலை அளித்தவையல்ல. 1876ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் தாய்வழிப் பாதுகாப்பை நீக்கி, பெண்ணின் சொந்த உடைமைக்கே கணவனின் இசைவை வேண்டிற்று. மூன்றாவது, நிலமும் தொழிலும் உறவும் பறிக்கப்படும்போதெல்லாம் வீட்டினுள் பெண்ணின் நிலை மேலும் தாழ்கின்றது.

இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு எளிமையானது. பெண்ணின் பெயரில் ஒரு வீடு, அவள் கையில் ஓர் ஊதியம், அவள் சொல்லை நம்பும் ஒரு நீதிமன்றம், அவள் திரும்பி வந்தால் இகழாது ஏற்கும் ஒரு சுற்றம் ஆகிய நான்கும் ஒருங்கே அமையுமிடத்தே குடும்பம் அச்சமற்றதாகும். அவற்றுள் ஒன்று குறையினும் மற்றவை பயனிழக்கும்.

குவேனியின் கூந்தலைப் பற்றிய கையை மகாவம்ச ஆசிரியர் வீரனின் கையாகவே கண்டார். திரௌபதையின் கூந்தலைப் பற்றிய கையைத் தமிழ் மக்கள் தீயோனின் கையாகக் கண்டனர். அயலான் பற்றினாற் குற்றம், கணவன் பற்றினால் உரிமை என்ற வேறுபாடு இக்கரையோரத்து வீடுகளில் இன்னமும் முற்றாக மறையவில்லை. அது மறையும் நாளே, குவேனி கேட்காது சென்ற நீதி அவள் வாழ்ந்த மண்ணின் பெண்களுக்குக் கிட்டும் நாளாகும்.